திர்யாக்கிலிருந்து புரதப் பொடி வரை: சோதித்தறியும் மரபு

மருந்துக் கடைகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் சத்து மாத்திரைகளும் புரதப் பொடிகளும் இன்று குவிந்து கிடக்கின்றன. நம் சமூகத்தாரின் கடைகளில் அவற்றோடு கருஞ்சீரக எண்ணெய்க் குப்பிகளும் மாத்திரைகளும் இடம் பெறுகின்றன. வாங்குவோரில் பலர் எழுப்பும் முதல் வினா, மாத்திரை உறையின் ஜெலட்டின் ஹலாலானதா என்பதாகும். கேட்க வேண்டிய வினாதான். ஆனால் அதனை அடுத்து எழ வேண்டிய மற்றொரு வினா பெரும்பாலும் எழுவதில்லை: இப்பொருள் உண்மையில் பயன் தருகிறதா? இந்த வினாவை முறையாக எழுப்புவது எப்படி என்பதை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தவர்கள் முஸ்லிம் மருத்துவ மேதைகள். அவர்களுடைய பெயர்களைப் பெருமையுடன் சொல்லும் நாம் அவர்களுடைய முறையை மறந்துவிட்டோம் என்பதை நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அக்காலத்திலும் 'எல்லாவற்றுக்கும் நல்லது' என்று போற்றப்பட்ட ஒரு மருந்து இருந்தது. கிரேக்கர்கள் தேரியாக்கா என்றும் அரபியர் திர்யாக் என்றும் அழைத்த கூட்டு மருந்து அது. ரோமப் பேரரசன் நீரோவின் மருத்துவர் ஆந்திரோமாக்கஸ் அதனைச் செம்மைப்படுத்தினார். விரியன் பாம்பின் இறைச்சி, அபின், தேன் உள்ளிட்ட அறுபதுக்கும் மேற்பட்ட சரக்குகள் அதில் சேர்ந்தன. நச்சுக்கடிக்கு மாற்றாகத் தோன்றிய மருந்து, நாளடைவில் நோயில்லாதவரும் உடல் வலிமைக்காக உண்ணும் பொருளாயிற்று. பேரரசர் மார்கஸ் அரேலியஸ் அதனை உட்கொண்டதைக் கேலன் எழுதியுள்ளார். அரபு மருத்துவம் திர்யாக்கைக் கிரேக்கரிடமிருந்து ஏற்றுக்கொண்டது. யூனானி மருந்துகளில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது.

ஏற்றுக்கொண்டார்களே தவிர, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. குர்துபாவின் தத்துவ மேதையும் மருத்துவருமான இப்னு ருஷ்து (ஹி. 520-595, கி.பி. 1126-1198) திர்யாக்கைப் பற்றித் தனி நூலொன்றே எழுதினார். வரைமுறையின்றி அதனை உண்ணும் வழக்கத்தை அவர் கண்டித்தார். உடல் நலத்தோடு இருப்பவர் அதனை வழக்கமாக உண்பது கேடு விளைவிக்கும் என்றும் எச்சரித்தார். நோயாளிக்கு மருந்தாவது நலமுடையவருக்கு உரமாகிவிடாது என்ற இக்கருத்து இன்றைக்கும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

அவருக்கு முன்பே இப்னு சீனா (ஹி. 370-428, கி.பி. 980-1037) 'அல்கானூன் ஃபித்திப்' நூலின் இரண்டாம் பாகத்தில், ஒரு மருந்தின் ஆற்றலைச் சோதனையால் அறிவதற்கு ஏழு நிபந்தனைகளை வகுத்தார். மருந்தில் வெளியிலிருந்து வந்து சேர்ந்த தன்மை எதுவும் இருத்தல் கூடாது. பல நோய்கள் கலந்திராத தனி நோயில் அதனைச் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான நோய்களில் கொடுத்துப் பார்க்க வேண்டும். மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அது வேலை செய்யும் காலத்தைக் கவனிக்க வேண்டும். விளைவு எப்போதுமோ பெரும்பாலான வேளைகளிலோ காணப்பட வேண்டும். இல்லையேல் அது தற்செயலே. இறுதியாக, சோதனை மனித உடலில் நடைபெற வேண்டும். சிங்கத்திற்கோ குதிரைக்கோ ஏற்பட்ட விளைவு மனிதனுக்கும் ஏற்படும் என்று கொள்வதற்கில்லை.

'நான் உண்டேன், எனக்குக் குணமாயிற்று' என்ற ஒருவரின் வாக்குமூலம் இந்நிபந்தனைகளுக்கு முன் நிற்காது. அவருடைய நோய் தானாகவே தணிந்திருக்கலாம். கூடவே உணவையும் உறக்கத்தையும் அவர் ஒழுங்குபடுத்தியிருக்கலாம். இதைப் பிரித்தறிய ஒப்பீடு தேவை. அர்ராஸி (ஹி. 251-313, கி.பி. 865-925) அதனைச் செய்து பார்த்தார். மூளைக் காய்ச்சலின் முன்னறிகுறிகள் தோன்றிய நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு இரத்தம் வெளியேற்றினார். மற்றொரு பிரிவினரை, முடிவு காண்பதற்காகவே அவ்வாறு செய்யாமல் விட்டார். 'அல்ஹாவி'யில் இச்செய்தி பதிவாகியுள்ளது. இரத்தம் வெளியேற்றுவது பயன் தந்தது என்று அவர் கண்ட முடிவை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆயினும் இரு பிரிவினரை ஒப்பிட்டே உண்மையை அறிய வேண்டும் என்ற அவருடைய வழியில்தான் மருத்துவம் இன்று நடைபோடுகிறது.

பிற்கால ஆய்வுகள் இவ்வழியின் அருமையை நன்கு விளக்குகின்றன. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டவர்களே விரைவில் தேறினர். 1991இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு, தண்டுவடக் குறையுள்ள குழந்தையை முன்பு பெற்ற தாய்மார், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உண்டால் மறுபடியும் அக்குறை நேர்வது 72 விழுக்காடு தடுக்கப்படுவதை நிறுவியது.

மறுபக்கமும் உண்டு. காய்கனிகளை மிகுதியாக உண்போரிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைக் கண்ட அறிஞர்கள், அவற்றிலுள்ள பீட்டா கரோட்டினே காரணமாகலாம் எனக் கருதினர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. 1994இல் முடிவு வெளியானபோது, அம்மாத்திரையை உண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது! அமெரிக்காவில் நடந்த இதே போன்ற ஆய்வு 1996இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. கனியில் நன்மை இருந்தது. அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளில் அந்நன்மை இருக்கவில்லை. வைட்டமின் டி-யும் இவ்வாறே. குறைபாடு உடையவருக்கு அது இன்றியமையாதது. ஆனால் அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், புற்றுநோயையோ மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றையோ அது தடுத்ததாகத் தெரியவில்லை.

உடற்பயிற்சி செய்யும் இளைஞர்கள் நாடும் பொருள்களில் கிரியேட்டின், குறுகிய நேரக் கடும் உழைப்புக்கு உதவுவதாகப் பல ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. புரதமும் தசை வளர்ச்சிக்கு வேண்டியதே. ஆயினும், 49 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2018ஆம் ஆண்டுக் கட்டுரை, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவைத் தாண்டியபின் கூடுதல் புரதத்தால் தசை மேலும் பெருகுவதில்லை எனக் காட்டியது. அந்த அளவைப் பருப்பும் முட்டையும் மீனும் இறைச்சியும் தந்துவிட்டால் பொடிக்குச் செலவிடுவது வீண் செலவே.

பயன் ஒருபுறமிருக்க, குப்பிக்குள் இருப்பது பெயர்ச்சீட்டில் உள்ளதுதானா? ஹி. ஆறாம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூல், மருந்து வணிகர் செய்யும் கலப்படங்களை விவரித்து, அவற்றைக் கண்டறிவதை முஹ்தஸிபின் கடமையாக வைக்கிறது. அமெரிக்காவிலோ 1994ஆம் ஆண்டுச் சட்டம், துணையுணவுகள் பயன் தருவதை விற்பனைக்கு முன் மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தவில்லை. 2007 முதல் 2016 வரை அந்நாட்டு அரசுத் துறை, அறிவிக்கப்படாத மருந்துகள் கலந்த 776 துணையுணவுகளை அடையாளம் கண்டது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு விதிகள், இத்தகைய பொருள்களின் உறையில் மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று என்று அச்சிட வேண்டுமெனக் கூறுகின்றன. அவ்வரியைப் படித்து வாங்குவோர் எத்தனை பேர்?

இனி, கருஞ்சீரகம். அதன் சிறப்பை நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பது ஸஹீஹான ஹதீஸில் உள்ளது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்நபிமொழியைப் புரிந்துகொள்வதில் நம் முன்னோர் காட்டிய நிதானத்தையும் நாம் அறிய வேண்டும். அது பொதுச் சொல்லால் குறிப்பிட்டதைக் கருதும் கூற்று என்று விளக்கினார் இமாம் அல்கத்தாபி. மருத்துவம் பற்றிய நபிமொழிகள் அக்கால அரபியரின் வழக்கைச் சார்ந்தவை என்றும், நபியவர்கள் அனுப்பப்பட்டது மார்க்கத்தைக் கற்பிக்கவே என்றும் கருதினார் இப்னு கல்தூன். உறுதியான ஈமானோடு பரக்கத்தை நாடி அவற்றைப் பயன்படுத்துவோர் பயனடையலாம் என்பதையும் அவர் மறுக்கவில்லை. கருஞ்சீரகம் இரத்தச் சர்க்கரையை ஓரளவு குறைப்பதாகக் காட்டும் சிறு ஆய்வுகள் இன்று உண்டு. அவற்றை நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையை ஒரு சர்க்கரை நோயாளி நிறுத்திவிட்டால், அவர் இழப்பது சிறுநீரகமாகவோ கண்பார்வையாகவோ இருக்கலாம். அந்தப் பொறுப்பை ஹதீஸின் மீது சுமத்துவது எவ்வகையிலும் நியாயமாகாது.

உணவைப் பற்றிப் பேசும்போது அருள்மறை 'ஹலால்' என்ற சொல்லோடு 'தய்யிப்' என்ற சொல்லையும் இணைத்தே கூறுகிறது. ஹலாலை விசாரிக்கும் நாம் தய்யிபையும் விசாரிக்கக் கடமைப்பட்டவர்கள். என் உடலில் எந்தக் குறை உள்ளது? அது பரிசோதனையில் தெரிந்ததா? இப்பொருள் அக்குறையைத் தீர்ப்பது, பலரிடம் ஒப்பிட்டுப் பார்த்து உறுதியானதா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்தபின் குப்பியைக் கையில் எடுப்பவரே இப்னு சீனாவின் உண்மையான மாணவர்.