பாறை உருவமும் நில அடையாளமும்: ஒத்தக்கடை யானைமலையும் நியூ ஹாம்ப்சயர் மலைமுகமும்

ஆய்வுச்சுருக்கம்

இயற்கையில் அமைந்த பாறை உருவம் ஒரு நிலப்பகுதியின் அடையாளமாக உருப்பெறும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. மதுரைக்கு அருகில் ஒத்தக்கடையில் உள்ள யானைமலை முதன்மை ஆய்வுப்பொருளாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றான நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தின் ‘மலைக்கிழவர்’ எனப்பட்ட பாறைமுகம் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்படுகிறது. அங்கு அடையாளம் அரசின் சட்டத்தாலும், இங்கு மக்களின் பெயரீட்டு மரபாலும் நிலைபெற்றது என்பதும், இவ்வேறுபாடு மலையின் பாதுகாப்போடு நேரடித் தொடர்புடையது என்பதும் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: யானைமலை, ஒத்தக்கடை, நரசிங்கம், நியூ ஹாம்ப்சயர், கருங்கல், மரபுச்சின்னம்.

முன்னுரை

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், நகரின் வடகிழக்கே, படுத்திருக்கும் யானையைப் போன்ற தோற்றத்துடன் நீண்டு கிடக்கும் ஒற்றைப் பாறைக்குன்று யானைமலை. அதன் அடிவாரத்தில் ஒத்தக்கடை, நரசிங்கம் ஆகிய ஊர்கள் உள்ளன. 1965-இல் தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரியும், 2004-இல் செயல்படத் தொடங்கிய சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையும் இப்பகுதியின் இன்றைய வளர்ச்சிக்குக் காரணங்களாயின. எனினும் ஊரின் அடையாளம் இந்நிறுவனங்களால் அமையவில்லை, மலையாலேயே அமைந்தது.

கல்வெட்டுகளில் யானைமலை

யானைமலையின் பழமைக்கு முதற்சான்று அங்குள்ள சமணர் குகைத்தளத்தின் தமிழி கல்வெட்டு. கி.மு. முதல் நூற்றாண்டளவினதாகக் கருதப்படும் இக்கல்வெட்டு, இம்மலையை ‘இவகுன்றம்’ எனக் குறிக்கிறது. ‘இவம்’ என்பது ‘இபம்’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. யானை என்று பொருள்படும். இதனால் இரண்டாயிரம் ஆண்டுகளாக இம்மலையின் பெயர் அதன் வடிவத்தையே சுட்டி வந்துள்ளது என அறியலாம். மொழி மாறியும் பெயரின் பொருள் மாறவில்லை என்பது சிறப்பாகக் கருதத்தக்கது.

பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் உத்தரமந்திரியான மாறங்காரி, இம்மலையில் நரசிங்கப்பெருமாளுக்குக் குடைவரைக் கோயில் எடுப்பித்தார். வடமொழிக் கல்வெட்டு இதன் காலத்தைக் கலியாண்டு 3871 (கி.பி. 770) எனக் குறிக்கிறது. குடமுழுக்கிற்கு முன்பே அவர் இறந்தமையால், அவருக்குப்பின் அப்பதவியை ஏற்ற தம்பி மாறன் எயினன் முகமண்டபம் அமைத்துப் பணியை நிறைவுசெய்தார் என வட்டெழுத்துக் கல்வெட்டு தெரிவிக்கிறது. முருகனுக்குரிய லாடன் கோயில் குடைவரையும் இம்மலையிலேயே உள்ளது. கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும், அச்சணந்தி என்னும் சமண முனிவரின் பெயர் பொறித்த வட்டெழுத்தும் சமணம் இங்குத் தொடர்ந்து நிலவியதைக் காட்டுகின்றன. திருஞானசம்பந்தர் தேவாரமும் இம்மலையைச் சமணரின் இருப்பிடமாகவே சுட்டுகிறது.

திருவிளையாடற் புராணத்தின் ‘யானை எய்த படலம்’ மதுரையை அழிக்க ஏவப்பட்ட யானையைச் சிவபெருமான் நரசிங்கக் கணையால் வீழ்த்த, அது மலையானது என்கிறது. சமணம், வைணவம், சைவம் ஆகிய மூன்றும் ஒரே பாறையைத் தத்தம் கண்ணோட்டத்தில் விளக்கியுள்ளன. சமயங்கள் தம்முள் முரண்பட்டபோதும், மலையின் யானை வடிவத்தை எதுவும் மறுக்கவில்லை.

இவ்வடையாளம் இன்றும் ஊர்ப்பெயர்களின் முன்னெழுத்தாக வழங்குகிறது. அலுவலக வழக்கில் ‘யா. ஒத்தக்கடை’, ‘யா. நரசிங்கம்’ என எழுதப்படுவதில் உள்ள ‘யா.’ யானைமலையைக் குறிப்பதாகும்.

நியூ ஹாம்ப்சயரின் மலைமுகம்

நியூ ஹாம்ப்சயர் சிறிய மாநிலம். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 13.8 இலட்சம், 2011-இல் மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30.4 இலட்சம். 1788-இல் ஒன்பதாவது மாநிலமாக அரசமைப்பை ஏற்று, அமெரிக்க அரசமைப்பு நடைமுறைக்கு வர வழிசெய்த பெருமை அதற்குண்டு. ‘கருங்கல் மாநிலம்’ என்பது அதன் சிறப்புப்பெயர். வாசிங்டன் நகரில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகக் கட்டடத்தின் வெளிச்சுவர்கள் அம்மாநிலத்தின் கான்கார்டு கருங்கல்லால் ஆனவை.

அங்குள்ள பிராங்கோனியா கணவாயில், கருங்கல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக நீட்டி மனித முகத்தின் பக்கத்தோற்றத்தை உருவாக்கியிருந்தன. 1805-இல் நில அளவையாளர்கள் அதனைக் கண்டு பதிவுசெய்தனர். 1850-இல் நத்தானியல் ஹாதார்ன் அதனைக் கருவாகக் கொண்டு சிறுகதை எழுதினார். 1923-இல் அங்கிருந்த பெரிய விடுதி எரிந்தபின், அக்கணவாயின் காடு மரவெட்டு வணிகத்திற்குச் செல்லும் நிலை ஏற்பட்டது. மகளிர் அமைப்புகளும் பள்ளிக் குழந்தைகளும் உட்படப் பலர் நிதி திரட்டினர்; அதனோடு அரசு நிதியும் சேர, 1928-இல் கணவாய் முழுவதும் பொதுச்சொத்தானது. 1945-இல் பாறைமுகம் மாநிலச் சின்னத்தில் சட்டப்படி இடம்பெற்றது. 2000-ஆம் ஆண்டின் கால்டாலர் நாணயத்திலும் அது பொறிக்கப்பட்டது.

பனி உறைந்து உருகுவதால் விரிந்த பிளவுகளை இரும்புப் பிணைப்புகளாலும் பூச்சாலும் பல பத்தாண்டுகள் தாங்கிப் பிடித்தும், 2003 மே 3 அன்று அம்முகம் சரிந்து விழுந்தது. ஆயினும் சாலைப் பலகைகளிலும் அரசுச் சின்னத்திலும் அது இன்றும் நீடிக்கிறது.

கல்லின் விலையும் மலையின் மதிப்பும்

நியூ ஹாம்ப்சயரில் கல் வணிகமும் மலைச் சுற்றுலாவும் தனித்தனி இடங்களில் வளர்ந்தன. மதுரைச் சமவெளியில் இரண்டும் ஒரே குன்றுகளைச் சார்ந்துள்ளன. பெரியாற்றுப் பாசனத்தால் செழித்த மேலூர் வட்டாரத்தில், 1990-களுக்குப்பின் ஏற்றுமதிக்கான கருங்கல் தொழில் பெருகியது. அங்கு நடந்த முறைகேடுகள் குறித்து 2012-இல் மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு அறிக்கை அளித்தார். 2014-இல் உயர்நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக அமர்த்தியது.

யானைமலையும் இச்சூழலுக்கு அப்பாற்பட்டதன்று. 2010-இல் இம்மலையில் சிற்பநகரம் அமைக்கும் திட்டம் பேசப்பட்டபோது, சுற்றுவட்டார ஊர்மக்கள் எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. 2024-இல் மேலூர் வட்டாரத்தில் அறிவிக்கப்பட்ட டங்ஸ்டன் சுரங்க ஏலத்திற்கு எதிராக, 2025 ஜனவரி 7 அன்று மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கிப் பேரணியாகச் சென்றனர்; அம்மாதம் 23-ஆம் நாள் ஒன்றிய அரசு ஏலத்தை இரத்து செய்தது. 1920-களில் பிராங்கோனியா மக்களிடம் காணப்பட்ட உணர்வை இங்கும் காணமுடிகிறது. ஆனால் அங்கு அவ்வுணர்வு நிலையான சட்டமாயிற்று. இங்கு ஒவ்வொரு திட்டம் வரும்போதும் மக்கள் புதிதாகப் போராட வேண்டியுள்ளது.

இதற்குச் சட்ட அமைப்பும் ஒரு காரணம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் மத்தியத் தொல்லியல் சட்டம் வரையறுக்கிறது. இவ்வரையறை கல்வெட்டையும் குடைவரையையும் தனித்தனிப் பொருள்களாகக் காண்கிறது. ‘இவகுன்றம்’ என்னும் பெயருக்குக் காரணமான முழுமலையின் வடிவம் அதன் அளவுகோலுக்குள் அடங்குவதில்லை.

முடிவுரை

நியூ ஹாம்ப்சயரின் பாறைமுகம் அழிந்தபின்னும் சின்னமாக வாழ்கிறது. காரணம், அரசு அதனை முன்பே பலகையிலும் நாணயத்திலும் படமாக்கிவிட்டது. யானைமலைக்கு அத்தகைய படம் இல்லை. தமிழ்நாட்டு அரசின் இலச்சினையில் இடம்பெற்றது கோபுரமே. யானைமலையின் அடையாளம் மலையின் இருப்பிலும் அதனைச் சுட்டும் பெயர்களிலும் மட்டுமே உள்ளது. மலையின் ஒருபுறம் வெட்டப்பட்டாலும் கல்வெட்டு எஞ்சக்கூடும். அது கூறும் ‘இவம்’ எஞ்சாது. ‘யா.’ என்னும் எழுத்தும் பொருளற்ற குறியாகிவிடும்.

ஆகவே யானைமலையைத் தனித்தனிச் சின்னங்களின் தொகுதியாகக் கருதாமல், முழுமலையையும் ஒரே மரபுச்சின்னமாக ஏற்றுப் பாதுகாப்பதே பொருத்தமுடையது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அக்கல்வெட்டைப் பொறித்தவர் பெயரிட்டது குகைக்கு அன்று, குன்றுக்கே என்பது இதற்குப் போதிய சான்றாகும்.