காணாக்கடி

பதிவு கொஞ்சம் நீளம்தான். நாற்பத்தைந்து நிமிடப் பீரியடில் பழகியவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் வட கரோலினாவில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறைக்கு மறைமலை நகர் வந்திருக்கிறான். விருந்துக்குப் போன வீடுகளில் எல்லாம் ஆட்டுக்கறியைத் தொடவில்லை. "தம்பி சைவமாயிட்டாரா?" என்று ஆளுக்கு ஆள் கேட்கிறீர்கள். நம் ஊருக்குப் பெயர் தந்த மறைமலை அடிகள் புலால் மறுத்தவர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை நம் ஊர்க் கறிக்கடை வரிசையைப் பார்த்தால் அது யாருக்கும் நினைவிருப்பதாகத் தெரியவில்லை. என் மகனும் சைவமாகவில்லை. மீன், கோழி, முட்டை எல்லாம் சாப்பிடுகிறான். ஆடு, மாடு, பன்றி என்று பாலூட்டிகளின் இறைச்சி மட்டும் அவன் உடம்புக்கு ஆகாது. "ஒரே ஒரு துண்டு சாப்பிட்டா என்ன ஆயிடும்?" என்று பாசத்தோடு தட்டில் வைக்கிறீர்களே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உடம்பில் திடீரென்று தடிப்புத் தடிப்பாக எழும்பினால் நம் பாட்டிமார்கள் 'காணாக்கடி' என்பார்கள். எதுவோ கடித்திருக்கிறது, கடித்தது கண்ணில் படவில்லை என்று அர்த்தம். இந்த நோய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த ஆராய்ச்சியாளரும் வைக்கவில்லை. அவர்கள் வைத்த பெயர் 'ஆல்பா-கால் சிண்ட்ரோம்'.

ஒவ்வாமை உயிரையே எடுக்கும் என்பதை 1902-இல் பிரான்ஸில் சார்ல் ரிஷேயும் பால் போர்ட்டியேயும் நாய்களிடம் கண்டார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்து அதே நஞ்சைச் சிறிதளவு போட்டதும் நிமிடங்களில் செத்தது. ரிஷேக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. உணவு ஒவ்வாமை என்றாலும் நிமிடங்களில் தெரிந்துவிடும் என்பதே பின்னால் வந்த மருத்துவர்கள் படித்த பாடம். வேர்க்கடலை ஆகாதவருக்கு வாயில் வைத்ததுமே உதடு வீங்கும். அதனால் இரவு எட்டு மணிக்குக் கறி சாப்பிட்டுவிட்டு, நள்ளிரவு ஒரு மணிக்கு உடம்பெல்லாம் அரிப்போடு, மூச்சு முட்ட எழுந்தவர் "கறிதான் காரணம்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என் மகனுக்கும் அதுதான் நடந்தது. முதலில் பார்த்த மருத்துவர் "வேலைப் பளு, டென்ஷன்" என்று அனுப்பிவிட்டார். மூன்றாவதாகப் பார்த்தவர்தான் "உங்களை உண்ணி கடித்ததா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். அது வந்தது கறிக்கடையிலிருந்து அல்ல, புற்றுநோய் வார்டிலிருந்து. செட்டுக்சிமாப் என்ற மருந்து 2004-இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுக்கு அனுமதி பெற்றது. டென்னசி, வட கரோலினா மாநிலங்களில் முதல் முறை மருந்து ஏற்றும்போதே சிலர் அதிர்ச்சியில் விழுந்தார்கள். 2007-இல் வெளியான கணக்கு ஒன்றில் அது 22 சதவீதம். மற்ற இடங்களிலோ மிகச் சொற்பம். ஒரே மருந்து ஊருக்கு ஊர் ஏன் மாற வேண்டும்?

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர் இதைத் துருவினார்கள். அந்த மருந்து எலியின் செல்களில் தயாராவது. அதில் ஆல்பா-கால் என்றொரு சர்க்கரை ஒட்டிக்கொண்டிருந்தது. மனிதன், வாலில்லாக் குரங்குகள், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகள் நீங்கலாக, பெரும்பாலான பாலூட்டிகளின் உடம்பில் இந்தச் சர்க்கரை உண்டு. அந்த நோயாளிகளின் இரத்தத்தில் இதற்கெதிரான ஒவ்வாமைப் புரதம் மருந்து ஏற்றுவதற்கு முன்பே இருந்தது. 2008-இல் வந்த கட்டுரையில், டென்னசியில் நோயில்லாதவர்களை 72 பேர் சோதித்ததில் 15 பேரிடம் அது இருந்தது. பாஸ்டனில் 341 பேரில் 2 பேரிடம் மட்டும்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால், உண்ணியால் பரவும் ஒரு புள்ளிக் காய்ச்சல் இருக்கும் பகுதிகளும் இவையும் ஏறக்குறைய ஒன்று. வகுப்பில் "மேப் எதுக்கு சார்?" என்று கேட்டவர்களின் கவனத்துக்கு!

2007 ஆகஸ்டில் பிளாட்ஸ்-மில்ஸ் மலைநடை போனபோது நூற்றுக்கணக்கான உண்ணிக் குஞ்சுகள் காலில் ஏறிக் கடித்தன. தன் இரத்தத்தைத் தானே சோதித்துவந்தவர், அந்தப் புரதம் ஏறுவதைப் பார்த்தார். நவம்பரில் லண்டனில் ஆட்டுக்கறி சாப்பிட்டார். ஆறு மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடிப்பு.

இவருக்கு முன்னாலேயே, வெறும் நோயாளிகளின் பேச்சைக் கேட்டு இதே இடத்துக்கு வந்தவர் சிட்னி மருத்துவர் ஷெரில் வான் நூனென். கறி ஆகாமல் அவரிடம் வந்த 25 பேரில் 24 பேர் உண்ணிக் கடியில் பெரிதாக வீங்கியவர்கள். 2009-இல் விரிவாக வெளியிட்டார். பெயர் என்னவோ அமெரிக்கர்களுக்கே அதிகம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

ஏன் தாமதம்? இந்தச் சர்க்கரை கொழுப்போடு சேர்ந்து போகிறது, கொழுப்பு செரித்து இரத்தத்தில் கலக்க மணிக்கணக்காகும் என்பதே இப்போது பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். கொழுப்புக் கறி கூடுதல் ஆபத்து என்பதும் இதோடு பொருந்துகிறது. இன்னொரு செய்தி: ஆல்பா-கால், பி வகை இரத்தத்தின் அடையாளச் சர்க்கரையை ஒத்திருப்பதால், பி வகையினருக்கு இந்த நோய் குறைவாகவே வருகிறது. இந்தியர்களில் பி வகை ஐரோப்பியர்களைவிட அதிகம். என் மகன் ஓ.

அமெரிக்காவில் 2010 முதல் 2022 வரை சந்தேகத்துக்குரிய நோயாளிகள் 1,10,000-க்கு மேல். நாலரை லட்சம் பேர்வரை இருக்கலாம் என்பது அரசு மதிப்பீடு. அங்கேயே 2022-இல் கேட்டபோது மருத்துவப் பணியாளர்களில் 42 சதவீதம் பேர் இந்த நோயைக் கேள்விப்பட்டதே இல்லை. 2024-இல் ஒருவர் ஹாம்பர்கர் சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் இறந்தார். ஒரு துண்டு என்ன செய்யும் என்றால், இது செய்யும்.

உண்ணி நமக்குப் புதிதில்லை. மாட்டின் காதிலிருந்து பிடுங்கிப் போட்டவர்கள்தான் நாம். 1957-இல் மைசூர் மாநிலத்தில் சிவமொக்காப் பக்கம் வெடித்த கியாசனூர் காட்டுக் காய்ச்சலும் உண்ணியால் பரவுவதே. அது வைரஸ் காய்ச்சல், இதோடு குழப்ப வேண்டாம். என் மகனைக் கடித்தது அங்கே வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில், முதுகில் வெள்ளைப் புள்ளி உள்ள ஒரு வகை.

அன்றாட வாழ்க்கைதான் தலைவலி. கறியை ஒதுக்குவது சுலபம். எலும்பு சூப், குடல் குழம்பு, பரோட்டாக் கடை சால்னா, கறி கிண்டிய கரண்டியால் அள்ளிய சிக்கன் பிரியாணி, இவைதான் மாட்டிவிடுபவை. ஜெல்லி மிட்டாயிலும் மாத்திரைக் கூடுகளிலும் இருக்கும் ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. மருந்துக் கம்பெனியில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் அவனுடைய மாத்திரைகளை எல்லாம் ஒரு மாலை உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுத்தார். நன்றி தம்பி. பாலும் நெய்யும் சிலருக்கு ஆகாது, இவனுக்கு ஆகிறது. அந்த மட்டில் அவன் அம்மாவுக்கு நிம்மதி. புதிதாகக் கடி படாமல் இருந்தால் சில வருடங்களில் அந்தப் புரதம் இறங்கி, சிலர் மறுபடி கறி சாப்பிடுகிறார்கள். அதை மருத்துவர் சோதித்துத்தான் சொல்ல வேண்டும், அத்தை சொல்லக் கூடாது.

அடுத்த வாரம் காதுகுத்து. கிடாய் வெட்டுவதை நிறுத்த வேண்டாம், மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? கோழிக் குழம்பைத் தனி அண்டாவில் வைத்து, அதற்கென்று ஒரு கரண்டியைப் போட்டுவிடுங்கள். அவன் பையில் அட்ரினலின் ஊசி இருக்கிறது, தொடையில் குத்த வேண்டும். எனக்கும் அவன் தங்கைக்கும் தெரியும். மண்டபத்தில் தங்குபவர்களில் இன்னும் இரண்டு பேருக்காவது சொல்லித் தருகிறேன். சாப்பாடு மதியம்தான் என்றாலும், அன்று இரவுவரை யாராவது ஒருவர் அவன் பக்கத்தில் இருந்தால் நல்லது.