முன்தோல் குறுக்கம்: இயல்பும் நோயும் பிரித்தறியப்பட்ட வரலாறு

மூன்று வயதுப் பையனின் ஆண்குறி முன்தோல் பின்னுக்கு வரவில்லை என்று பெற்றோர் பதறி ஓடி வருகிறார்கள். ஐம்பது வயதில் புதிதாக முன்தோல் இறுகத் தொடங்கிய ஆணோ மனைவியிடம்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் மறைக்கிறார். முதலாவது பெரும்பாலும் வளர்ச்சியின் ஒரு கட்டம்; இரண்டாவது பெரும்பாலும் நோய். இந்த வேறுபாட்டை மருத்துவம் உறுதியாகக் கண்டுகொண்டது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அந்தத் தாமதத்தால் தேவையற்ற அறுவைகள் ஏராளமாக நடந்தன. உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதும் நெடுநாள் மறைந்து கிடந்தது.

முன்தோல் நோய்களைப் பற்றிய பழைய பதிவுகளில் ஆயுர்வேத நூலான சுச்ருத சம்ஹிதையின் பகுதி குறிப்பிடத்தக்கது. முன்தோல் ஆண்குறியின் நுனி மொட்டை மூடி, சிறுநீர் தடைபட்டு மெலிந்து வரும் நிலையை அது நிருத்தப்பிரகசம் என்கிறது. பின்னுக்கு இழுத்த தோல் முன்னுக்குத் திரும்பாமல் மொட்டின் கீழே வளையமாக இறுகுவது பரிவர்த்திகை. முன்னதற்கு இருபுறமும் திறந்த குழலை நெய் தடவிச் செருகி, சில நாட்களுக்கு ஒருமுறை சற்றே பெரிய குழலாக மாற்றித் துவாரத்தை விரிக்கச் சொல்கிறது. பின்னதற்கு நெய் தடவி, ஒத்தடம் கொடுத்து, தோலை மெல்ல முன்னுக்கு இழுத்து மொட்டை உள்ளே அழுத்தச் சொல்கிறது. இன்றைய அவசர சிகிச்சைப் பிரிவிலும் முதலில் வீக்கத்தை அழுத்திக் குறைத்து, பிறகு தோலைக் கையால் முன்னுக்குக் கொண்டுவரவே முயல்கிறார்கள். ரோமானிய எழுத்தாளர் செல்சஸ், கி.பி. முதல் நூற்றாண்டில், மொட்டு வெளிப்படாதபோது செய்யும் அறுவையை விவரித்தார். பண்டைய நூல்கள் இரண்டும் தொல்லை தரும் நிலைக்குத்தான் வைத்தியம் சொல்கின்றன.

19ஆம் நூற்றாண்டில் போக்கு மாறியது. 1870இல் நியூயார்க்கின் எலும்பு அறுவை மருத்துவர் லூயிஸ் சேயர், கால் செயலிழந்த ஐந்து வயதுச் சிறுவனுக்கு முன்தோலை நீக்கியதும் நடக்கத் தொடங்கினான் என்று அறிவித்தார். இறுகிய முன்தோல் நரம்புகளை உறுத்தி உடல் முழுவதையும் பாதிக்கிறது என்ற கருத்து அங்கிருந்து பரவியது. வலிப்பு, படுக்கையில் சிறுநீர் கழித்தல், சுய இன்பம் என எல்லாவற்றுக்கும் முன்தோலே காரணமாயிற்று. ஆங்கிலம் பேசும் நாடுகளில் மதக் கடமை ஏதும் இல்லாத குடும்பங்களிலும் பிறந்த குழந்தைக்கு அறுவை செய்வது வழக்கமானது.

அந்த வழக்கத்தை உலுக்கியவர் கேம்பிரிட்ஜின் குழந்தை மருத்துவர் டக்ளஸ் கெய்ர்ட்னர். 1949இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான அவரது கட்டுரை எளிமையான ஒரு கேள்வியிலிருந்து தொடங்கியது: முன்தோல் இயல்பாக எப்போது பிரிகிறது? பிறந்த குழந்தைகளையும் ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் அவர் நேரில் சோதித்தார். பிறந்தவுடன் முன்தோல் முழுமையாகப் பின்னுக்கு வருவது சுமார் 4 விழுக்காட்டினருக்கே. கருவில் முன்தோலின் உட்பரப்பும் மொட்டும் ஒரே திசுவாக ஒட்டியிருக்கின்றன; அவை பிரிவதற்குக் காலம் தேவை. மூன்று வயதுக்குள் பத்தில் ஒன்பது சிறுவர்களுக்கு அது தானாகவே நிகழ்ந்திருந்தது. அவர் சேர்த்த மற்றொரு தகவல் என்னை இன்றும் உலுக்குகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த அறுவையை ஒட்டி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்குச் சுமார் 16 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். மயக்க மருந்தே பல மரணங்களுக்குக் காரணமாக இருந்தது. இயல்பான வளர்ச்சியை நோயாகக் கருதியதற்குக் குழந்தைகள் உயிரை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். பிரிட்டனில் இந்த வழக்கம் அதன் பிறகு வேகமாகச் சரிந்தது.

1968இல் டென்மார்க்கின் யாகோப் ஊஸ்டர் பள்ளிச் சிறுவர்களை ஆண்டுதோறும் சோதித்து இந்தக் கண்டறிதலை நீட்டித்தார். 6, 7 வயதில் சுமார் 8 விழுக்காட்டினரிடம் இருந்த முன்தோல் குறுக்கம் 16, 17 வயதில் 1 விழுக்காடாகக் குறைந்திருந்தது. அடுத்த முக்கியமான படி பிரிட்டனில் நிகழ்ந்தது. தோலின் நுனி தழும்பேறி வெளுத்துக் கெட்டியாகியிருந்தால் மட்டுமே அது நோய் என்று மருத்துவர் ரிக்வுட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980இல் வரையறுத்தனர். 1993இல் மெல்பர்ன் உள்ளிட்ட இடங்களிலிருந்து ஸ்டீராய்டு களிம்பு பற்றிய ஆய்வுகள் வந்தன. சில வாரங்கள் களிம்பு தடவினாலே பெரும்பாலான சிறுவர்களுக்குத் தோல் தளர்ந்துவிடுகிறது. மாறாக, குளிப்பாட்டும்போது தோலைப் பலவந்தமாகப் பின்னுக்குத் தள்ளுவதுதான் கெடுதல். அதனால் ஏற்படும் நுண்கிழிசல்கள் ஆறும்போது தழும்பாகி, இல்லாத நோயை உருவாக்கக்கூடும்.

நீண்டகால ஆபத்துகளில் மிகக் கொடியது ஆண்குறிப் புற்றுநோய். குழந்தைப் பருவத்திலேயே விருத்தசேதனம் (முன்தோல் நீக்கம்) செய்யும் யூதர்களிடம் இது மிக அரிது என்பதைக் கண்ட மருத்துவர் ஏப்ரகாம் வோல்பார்ஸ்ட், 1932இல் லான்செட் இதழில், முன்தோலுக்கடியில் சேரும் வெண்படிவே காரணம் என வாதிட்டார். பின்வந்த ஆய்வுகள் அந்தப் படிவே புற்றுநோயைத் தூண்டுகிறது என்பதை நிறுவவில்லை. இன்று இரண்டு வழிகள் தெளிவாகியுள்ளன. ஒன்று ஹெச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) தொற்று; ஏறத்தாழப் பாதிக் கட்டிகளில் இந்த வைரஸ் காணப்படுகிறது. மற்றொன்று நாள்பட்ட அழற்சி. லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்னும் தோல்நோய் முன்தோலை வெளுத்துச் சுருக்கி, சிறுநீர்த் துவாரத்தையும் அடைக்கிறது. 1928இலேயே ஜெர்மானிய மருத்துவர் ஸ்டூமர் அதை விவரித்திருந்தார். அதனால் பாதிக்கப்பட்டவர்களில் சிறு பகுதியினருக்குப் பின்னாளில் புற்று தோன்றுகிறது.

2011இல் நடாஷா லார்க்கும் உடன் ஆய்வாளர்களும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது இந்த விவாதத்தின் திருப்புமுனை என்பேன். முன்தோல் குறுக்கம் இருந்தவர்களுக்கு, ஊடுருவும் புற்றுநோயின் வாய்ப்பு பத்து மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. சிறுவயதில் முன்தோல் நீக்கப்பட்டவர்களுக்கு ஆபத்து குறைவுதான். ஆனால் முன்தோல் குறுக்கம் இருந்தவர்களைக் கணக்கிலிருந்து விலக்கியபோது அந்தப் பாதுகாப்பு தென்படவில்லை. ஆகவே இறுக்கத்தைச் சரிசெய்யாமல் விடுவதைத்தான் பெரும் ஆபத்தாகக் கொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில் நடந்து 2005க்கும் 2007க்கும் இடையே வெளியான ஆய்வுகள், வயதுவந்த ஆண்களுக்கு முன்தோலை நீக்கும் அறுவை எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைச் சுமார் 60 விழுக்காடு குறைப்பதாகக் காட்டின. அது தொற்று பரவலாக உள்ள பகுதிகளின் பொதுச் சுகாதார முடிவு. குறுக்கத்துக்கான சிகிச்சையோடு அதைக் குழப்பக் கூடாது.

நம் நாட்டில் இந்த வரலாற்றின் புதிய அத்தியாயம் சர்க்கரை நோயோடு பிணைந்திருக்கிறது. சர்க்கரை கட்டுப்படாதபோது சிறுநீரில் கலக்கும் குளுக்கோஸ் முன்தோலுக்கடியில் பூஞ்சை வளர உதவுகிறது. திரும்பத் திரும்ப வரும் அரிப்பும் வெடிப்பும் ஆறி ஆறித் தோல் இறுகுகிறது. இந்த வெடிப்புக்காக வந்தவருக்குச் சர்க்கரை இருப்பதே அப்போதுதான் தெரியவருவதும் உண்டு. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அவை நன்மை செய்கின்றன. கூடவே இந்தப் பூஞ்சைத் தொற்றின் வாய்ப்பையும் கூட்டுகின்றன. மாத்திரை எழுதும்போதே மருத்துவர் இதைச் சொல்லி, தினமும் கழுவி ஈரம் துடைக்கும்படி அறிவுறுத்த வேண்டும்.

இறுகிய தோலுக்கடியில் வளரும் புண் கண்ணுக்குத் தெரியாது. நாற்றமும் கசிவும் வந்த பிறகும் வெட்கத்தால் நாட்கள் கழிகின்றன. அதற்குள் தொடை இடுக்கின் நிணநீர்க் கணுக்களுக்குப் புற்று பரவிவிட்டால் உறுப்பையும் உயிரையும் காப்பது கடினம். தோலளவில் நிற்கும்போதே கண்டால் களிம்பு, லேசர், சிறு அறுவை ஆகியவற்றால் உறுப்பைக் காக்க முடிகிறது. வயதுவந்த ஆணுக்குப் புதிதாக முன்தோல் இறுகினால் அன்றே சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். வெளுத்த தழும்போ ஆறாத புண்ணோ இருந்தால், சிறு துண்டெடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பத் தாமதிக்கவே கூடாது.