காற்றும் கண்காணிப்பும்: இங்கிலாந்துப் பாடசாலைக் கட்டிடக்கலையில் ஒரு திருப்பம்

கட்டிடமொன்றின் வரலாற்றை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அதன் முகப்பையே முதலில் நோக்குவர். தூண், வளைவு, கோபுரம் என்பனவற்றைக் கொண்டு அதன் காலத்தையும் பாணியையும் வரையறுப்பர். பாடசாலைக் கட்டிடங்களைப் பொறுத்தவரை இம்முறை போதுமானதன்று. ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளை எவ்வாறு கருதிற்று என்பதை முகப்பிலும் பார்க்கத் தளப்படமே தெளிவாகக் கூறும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டேர்பிசயர் பிரதேசத்தில் எழுந்த பாடசாலைகள் இதற்குத் தக்க சான்றாகும்.

1870 ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டத்தின்கீழ்ப் பாடசாலைச் சபைகள் நிறுவப்பட்டன. இலண்டன் சபையின் முதற் கட்டிடக் கலைஞரான ஈ. ஆர். ரொப்சன், நெருக்கமான தெருக்களிடையே உயர்ந்து நிற்கும் பல மாடிப் பாடசாலைகளை அமைத்தார். காலப்போக்கில் நடுமண்டப அமைப்பு இத்தகைய பாடசாலைகளில் செல்வாக்குப் பெற்றது. நடுவே பெருமண்டபம்; அதனைச் சுற்றி வகுப்பறைகள்; இடையே கண்ணாடித் தடுப்புகள். மண்டபத்தில் நின்றவாறே தலைமையாசிரியர் பல வகுப்புகளை ஒருசேர நோக்கலாம். அக்காலத்தில் கற்பித்தோருட் பலர் தாமே இளவயதினரான மாணவ ஆசிரியர்கள். எனவே மாணவரை மட்டுமன்றி, கற்பிப்போரையும் கண்காணிக்க இவ்வமைப்பு உதவிற்று. கண்காணிப்பே இதன் அடிப்படைத் தத்துவம் எனலாம்.

ஆயின் கண்ணுக்கு வாய்ப்பாக அமைந்தது மூச்சுக்குக் கேடாயிற்று. வகுப்பறையின் ஒரு பக்கமே வெளியை நோக்கியிருந்தது. மறுபக்கம் மண்டபத்தை நோக்கிற்று. ஒரு யன்னல் வழியே புகும் காற்று எதிர்ப்புறமாக வெளியேற வழியில்லை. ஒரு வகுப்பின் அசுத்தக் காற்று மண்டபத்தை அடைந்து, அங்கிருந்து பிற வகுப்புகளுக்கும் பரவிற்று. சயரோகக் கிருமியை 1882 இல் கொக் கண்டறிந்ததன் பின்னர் இக்குறைபாடு அசௌகரியம் என்ற நிலையைக் கடந்து, உயிர்ப் பிரச்சினையாக நோக்கப்படலாயிற்று. வைத்தியசாலைகளில் இருபுறமும் யன்னல்கள் கொண்ட தனித்தனி நீள்கூடங்கள் வேண்டுமென புளோரன்ஸ் நைற்றிங்கேல் ஏற்கெனவே வலியுறுத்தியிருந்தார். நோயாளிக்கு வழங்கப்பட்ட காற்று மாணவனுக்கு மறுக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது.

இந்நிலையை மாற்றியது கல்விச் சிந்தனை மட்டுமன்று. 1899 முதல் 1902 வரை நடைபெற்ற போவர் யுத்தத்தின்போது, படையிற் சேர முன்வந்தோருட் பலர் உடற்தகுதியற்றோராகக் காணப்பட்டனர். மக்களின் உடல்நலச் சீர்கேடு பற்றி ஆராய்ந்த அரசாங்கக் குழுவின் அறிக்கை 1904 இல் வெளிவந்தது. 1907 ஆம் ஆண்டின் சட்டம் பாடசாலைப் பிள்ளைகளின் வைத்தியப் பரிசோதனையைக் கட்டாயமாக்கிற்று. தொழிலாளர் பிள்ளைகளின் நெஞ்சறை அரசின் கவனத்துக்குரிய பொருளாயிற்று. இதில் மனிதாபிமானமும் இருந்தது. பேரரசுக்குப் போர்வீரர் தேவை என்ற கணக்கும் இருந்தது.

1902 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பாடசாலைச் சபைகளை ஒழித்து, அவற்றின் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த டேர்பிசயரில் கல்விக் குழுவின் கட்டிடப் பணியை ஏற்றவர் ஜோர்ஜ் ஹென்றி விடோஸ் (1871–1946). அங்கு சுகாதார வைத்திய அதிகாரியாக விளங்கிய சிட்னி பார்வைஸ் போன்றோரின் கருத்துகள் அவருக்குத் துணைநின்றன. அயலிலுள்ள ஸ்ரபோட்சயரிலும் இவ்வகை முயற்சிகள் நடைபெற்றமையால், இதனைத் தனியொருவரின் சாதனையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது.

விடோஸ் நடுமண்டபத்தைக் கைவிட்டார். மண்டபத்தை ஒருபுறம் ஒதுக்கி, வகுப்பறைகளை ஒற்றை வரிசையாக நீட்டினார். ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிர்ச் சுவர்களில் யன்னல்கள் அமைந்தன. ஒன்றன் வழியே புகுந்த காற்று மற்றதன் வழியே வெளியேறிற்று. அறைகளை இணைத்தது மூடிய நடைவழியன்று, திறந்த விறாந்தை. விறாந்தை எமக்குப் புதியதன்று. ஆங்கிலத்தில் வழங்கும் அச்சொல்லும் இந்தியாவிலிருந்தே அங்கு சென்றது. வெப்ப நாட்டின் நிழலுக்குரிய உறுப்பு, குளிர் நாட்டின் காற்றோட்டத்துக்குப் பயன்பட்டமை சுவையான முரண்பாடாகும். ஆரம்பப் பாடசாலைகளோடு நில்லாது, இல்கெஸ்ரன் நகரில் 1911 முதல் 1914 வரை கட்டப்பட்டது போன்ற இடைநிலைப் பாடசாலைகளையும் விடோஸ் அமைத்தார். சுரங்க நாட்டின் நகரொன்றில் எழுந்த அக்கட்டிடம் இன்று அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உயர்ந்த தரமொன்றைப் பெற்றுள்ளது.

இம்மாற்றம் விலையின்றிக் கிடைத்ததன்று. நீண்டு பரந்த கட்டிடத்துக்குக் கூடுதலான நிலம் வேண்டும். எனவே நிலவிலை மிகுந்த மாநகரங்களில் இம்முறையைப் பின்பற்றுதல் எளிதன்று. குளிர்காலத்தில் திறந்த விறாந்தைகளில் நடமாடுதல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் துன்பமாயிற்று. அவற்றுட் பல பிற்காலத்திற் கண்ணாடியிட்டு அடைக்கப்பட்டன. இவற்றிலும் முக்கியமான விலை வேறொன்று. நடுவில் நின்று அனைத்தையும் நோக்கும் வாய்ப்பைத் தலைமையாசிரியர் இழந்தார். கதவடைத்த வகுப்பறையில் ஆசிரியரை நம்பியே ஆகவேண்டியிருந்தது. காற்றுக்காகச் செய்யப்பட்ட மாற்றம் அதிகார உறவையும் மாற்றிற்று என்பதே இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியதாகும்.

ஆகவே, பாடசாலைக் கட்டிடத்தை அழகுணர்ச்சியின் வெளிப்பாடாக மட்டுங் கொள்ளுதல் குறைபாடுடையது. ஒரு யன்னல் எப்பக்கம் திறக்கின்றது என்பதன் பின்னே வைத்தியமும் யுத்தமும் வர்க்கமும் ஆட்சிமுறையும் நிற்கின்றன. எமது நாட்டிற் பழைய பாடசாலைகளின் வரலாற்றை எழுத முற்படுவோர் நிறுவுநரின் பெயரோடும் அடிக்கல்லின் ஆண்டோடும் அமைந்துவிடுதலாகாது. அக்கட்டிடங்களுள்ளே யார் எங்கு அமர்ந்தனர், யார் யாரை நோக்கினர், யாருக்குக் காற்றும் ஒளியும் கிடைத்தன என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். அவற்றுக்குரிய விடைகளிற் பல அச்சுவர்களிலேயே உள்ளன.