மலைக்கோயில் கேமரா

தண்டவாளத்தில் கிடக்கும் உடலுக்குக் காவல்துறை 2024 வரை முதலில் போட்டுவந்தது குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 174, சந்தேக மரணம். 2015 ஜூன் 24 அன்று பள்ளிபாளையத்தை அடுத்த தொட்டிபாளையத்தில் ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜின் உடல் கிடைத்தபோதும் அப்படித்தான். தலை தனியே கிடந்தது. தற்கொலை என்று முடித்துவிட எல்லாம் தோதாகவே இருந்தது.

குற்றக்கதை பாட்காஸ்ட் செய்பவருக்கு இந்த வழக்கில் ஒலிக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவில் ‘சீரியல்’ பாட்காஸ்ட் 2014இல் வந்து இந்த வகையையே பிரபலமாக்கியது. மறு ஆண்டே நம் நாமக்கல்லில், இந்தக் கொலைக்காகத் தேடப்பட்டவரே வாட்ஸ்அப்பில் ஆடியோ ஆடியோவாக வெளியிட்டார். தீரன் சின்னமலைக் கவுண்டர் பேரவைத் தலைவர் யுவராஜ் அக்டோபரில் சிபிசிஐடி முன் சரணடையும்வரை ஊரெங்கும் அந்தக் குரல் சுற்றியது. வழக்கை விசாரித்த திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா செப்டம்பர் 18இல் இறந்து கிடந்தார். அதைப் பற்றியும் ஆடியோ வந்தது.

கோகுல்ராஜின் குரலும் இருக்கிறது. சாகப்போவதாக அவர் பேசும் வீடியோ, கைப்பட எழுதிய கடிதம். மிரட்டி வாங்கியவை. கேட்பவரை அழவைக்கும் பதிவுதான், ஆனால் கொன்றவர்கள் தயாரித்தது. பின்னணி இசை போட்டு அதை ஒலிபரப்பும் எவரும் இதை யோசிக்க வேண்டும்.

எனவே குரல்களை ஒதுக்கிவிட்டுத் தீர்ப்பைப் படித்தேன். ஆய்வாளனுக்குப் பிடி கிடைப்பது திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில். ஜூன் 23 அன்று கோகுல்ராஜும் கல்லூரித் தோழியும் அங்கே போனார்கள். கோகுல்ராஜ் தலித், தோழி கவுண்டர் சமூகம். ஒரு கும்பல் அவர்களைப் பிரித்து கோகுல்ராஜைக் காரில் ஏற்றிப் போனது. கோயில் கேமராக்களில் இந்த வரவும் போக்கும் பதிவாகியிருந்தன. மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்க அப்போது சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் தேவைப்பட்டது. பதிவை யார் எடுத்தது, அது யார் யார் கைக்கு மாறியது என்ற விவரம் பிசகினால் வழக்கே ஆடிப்போகும். எதிர்த்தரப்பும் அங்கேதான் அழுத்தியது.

தோழி மாஜிஸ்திரேட்டிடம் ஒன்று சொன்னார், நீதிமன்றக் கூண்டில் அதையே மறுத்தார். உயர் நீதிமன்ற மேல்முறையீட்டில் நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும் அழைத்துக் கேட்டபோது, காட்சியில் இருப்பது தான் அல்ல என்றார். அவர்மீது அவமதிப்பு நடவடிக்கை வந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அதே ஊரில், அதே உறவுகளுக்கு நடுவில் வாழ வேண்டியவர் அவர். 2023 ஜனவரியில் நீதிபதிகள் இருவரும் மலையேறி, கேமரா இருந்த இடங்களையும் வாசல்களையும் நேரிலேயே பார்த்தார்கள். மேல்முறையீட்டு நீதிபதிகள் சம்பவ இடத்துக்குப் போவது அபூர்வம்.

மதுரை சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது, ஐவர் விடுதலை. 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. இருவருக்கு மட்டும் ஐந்தாண்டாகக் குறைத்தது.

ஆவணங்களில் என்னை அதிக நேரம் நிறுத்தியது வேறொன்று. நாமக்கல்லில் நடந்த விசாரணை மதுரைக்குப் போனது கோகுல்ராஜின் தாயின் மனுவால். எந்த ஆடியோவிலும் இல்லாத அந்த மனு இல்லாமல் போயிருந்தால், சாட்சிகள் பல்டி அடித்த அந்த ஊரிலேயே வழக்கு முடிந்திருக்கும்.