குழி வெட்டாத தொழில்நுட்பமும் குழிக்குள் இறங்குகிற சாதியும்

2023 டிசம்பரில் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் ஒருநாள் பயிலரங்கு நடந்தது. பூமியை வெட்டாமல் பூமிக்குள் குழாய் பதிப்பது எப்படி என்பது பொருள். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு அங்கே என்ன வேலை? அக்கா மகள் சிவில் மூன்றாம் வருசம் படிக்கிறாள். "மாமா, வெளியாளுங்களும் வரலாமாம். நீங்களும் வாங்க, எழுத எதாச்சும் கெடைக்கும்" என்று கூப்பிட்டாள். போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

திரையில் ஒரு படம் வந்தது. குழாய்களை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஆள் நுழையும் குழாய், ஆள் நுழையாக் குழாய். விட்டம் சுமார் 900 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் முதல் வகை, அதற்குக் கீழே என்றால் இரண்டாவது. இது உலகம் முழுக்கப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பாகுபாடு. அளவு நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். பேசியவர் ஒரு நிமிசத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டார். அக்கா மகள் மட்டும் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுடைய அப்பா ஒரு நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. 'ஆள்' என்று அந்தப் படத்தில் போட்டிருந்தது யார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாறு பெரியதல்ல. 1971இல் இரண்டு காரியங்கள் நடந்தன. லண்டனின் ஹாக்னி பகுதியில் எரிக் வுட் என்ற பொறியாளர், பழைய செங்கல் சாக்கடை ஒன்றை இடிக்காமல், பிசினில் ஊறிய துணிக்குழாயை உள்ளே விட்டு இறுக வைத்து, சாக்கடைக்குள் புதுச் சாக்கடையை உண்டாக்கினார். கலிபோர்னியாவில் மார்ட்டின் செரிங்டன் என்ற சாலைத்துளை ஒப்பந்தக்காரர், பஹாரோ ஆற்றுக்கு அடியில் கிடைமட்டமாகத் துளைபோட்டுக் குழாயை இழுத்தார். ஜப்பானியர்கள் ஆளில்லாத சிறுசுரங்க எந்திரத்தை எழுபதுகளில் கொண்டுவந்தார்கள். 1985இல் லண்டனில் இதற்கென்றே முதல் மாநாடு கூடியது. அதற்கு வைத்த பெயர் 'நோ-டிக்', அதாவது தோண்டாதே. அடுத்த வருசமே அங்கே சர்வதேசச் சங்கம் அமைந்தது. 1998இல் டெல்லியில் இந்தியச் சங்கம் வந்தது. அதிலிருந்து மாநாடு, கண்காட்சி, பயிற்சி வகுப்பு, சான்றிதழ் என்று இங்கேயும் நடந்து வருகிறது. எங்கள் ஊர்க் கல்லூரிக்கு வந்தது அந்தப் பெரிய மரத்தின் ஒரு சின்னக் கிளை.

ஏன் தோண்டக்கூடாது? மாநாடுகள் சொல்லும் காரணம், சாலை கெடும், கடை வியாபாரம் படுக்கும், போக்குவரத்து நிற்கும் என்பது. நியாயந்தான். சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அந்த நாடுகளில் தோண்டுகிறவனுக்கும் சாக்கடையில் இறங்குகிறவனுக்கும் கொடுக்க வேண்டிய கூலி ஏறிவிட்டது. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறி, பாராளுமன்றமே மூக்கைப் பிடித்தபோது பசல்ஜெட் என்ற பொறியாளர் லண்டனுக்குப் பெருஞ்சாக்கடைகளைக் கட்டினார். அதற்குள் நடந்து சுத்தம் செய்த ஆட்களும் ஏழைகள்தான். ஆனால் அவன் மகனும் பேரனும் அதையேதான் செய்யணும் என்று எந்தச் சாத்திரமும் அங்கே எழுதி வைக்கவில்லை. அவன் வேறு வேலைக்குப் போகலாம், சங்கம் கட்டலாம், கூலி கேட்கலாம். ஆள் கிடைக்காமல் போகிற இடத்துக்குத்தான் எந்திரம் வரும். சாதி என்ற ஏற்பாடு, ஆள் எப்போதும் கிடைத்துக்கொண்டே இருப்பதற்கான ஏற்பாடு.

எந்திரம் எங்கே சீக்கிரம் வந்தது, எங்கே வரவில்லை என்பதற்கு எங்கள் சமவெளியே சாட்சி.

எங்க அப்பாரு கமலைக்குச் சால் தைத்தவர். இன்றைய பிள்ளைகளுக்குக் கமலை தெரியாது. கிணற்று மேட்டில் எருதுகள் பின்னுக்குப் போனால் சால் கிணற்றில் இறங்கும். பள்ளத்தில் முன்னுக்கு நடந்தால் ஏறும். சாலின் அடியில் நீளமான தோல் குழாய் ஒன்று தொங்கும். வடக்கயிறு சாலை இழுக்கும், வால்கயிறு அந்தக் குழாயின் வாயை மடக்கிப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் வாய் தணிந்து தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். குழாய் ஒழுகினால் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். செத்த மாட்டை உரித்து, ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதப்படுத்தி, ஊசி போன ஓட்டையில் ஒரு சொட்டு கசியாமல் தைக்கணும். இதைச் செய்தவன் மாதாரி. பண்ணையத்துக் களத்தில் வருசத்துக்கு இவ்வளவு தவசம் என்று கூலி. சோளம் விளைந்தாலும் பருத்தி வெடித்தாலும் அதற்குள் அந்தத் தோல் குழாயின் தண்ணீர் இருந்தது. குழாய்ப் பொறியியல் என்று இன்று பயிலரங்கு நடத்துகிறார்களே, என் அப்பாரு தைத்ததும் குழாய்தான். அவருக்குச் சான்றிதழ் எதுவும் கிடைக்கவில்லை. 'சக்கிலி' என்ற பெயர்தான் கிடைத்தது.

பைக்காரா மின்சாரம் 1932இல் வந்தது, மேட்டூர் மின்சாரம் 1937இல் வந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கிணத்துக்குக் கிணறு மோட்டார் ஏறியது. கமலை போயிற்று. மோட்டார் வந்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. எருதின் முதுகு தப்பியது, தண்ணீர் கூடியது. ஆனால் மோட்டார் வாங்கும்போது எந்தப் பண்ணையமும், சால் தைக்கிறவன் குடும்பம் இனி என்ன சாப்பிடும் என்று ஒருநாள் தள்ளிப்போடவில்லை. களத்துத் தவசம் நின்றது. எங்க ஆட்களில் பலர் கூலிக்கும் தறிக்கும் லாரிக்கும் போனார்கள். வேறு வழியில்லாமல் நகராட்சியின் சீமாறும் வாளியும் தூக்கியவர்களும் உண்டு. சேலம் நகராட்சி 1866லேயே அமைந்தது. ஊர் வளர வளர மலம் அள்ள ஆள் வேண்டியிருந்தது, அந்த ஆள் எந்தச் சேரியிலிருந்து வரணும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

கிணறு வற்றியபோது போர்வெல் வந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் இந்தியாவில் இல்லை. ஆப்பிரிக்கா வரைக்கும் போகிறது. பல நூறு அடி ஆழத்துக் கல்லை ஒரே ராத்திரியில் துளைக்கிற எந்திரத்தை இந்தச் சமவெளி தன்வசப்படுத்தி உலகத்துக்கே வாடகைக்கு விட்டது. சங்ககிரியின் லாரிகள், நாமக்கல்லின் கேஸ் டேங்கர்கள், பாடி கட்டுகிற பட்டறைகள் என்று இரும்பையும் குழாயையும் கையாளத் தெரிந்த மண் இது. அப்படிப்பட்ட மண்ணில் பத்தடி ஆழத்து மேன்ஹோலுக்கு மட்டும் எந்திரம் இல்லை, கயிறு கட்டிய ஆள்தான் என்றால் அது எந்திரத்தின் குறையா?

பயிலரங்கில் நதிக்கு அடியில் குழாய் போடுவதைப் படத்தோடு விளக்கினார்கள். முதலில் மெல்லிய வழித்துளை, பிறகு அதை அகலமாக்குவது, பென்டோனைட் களிமண் குழம்பு துளையைத் தாங்கி நிற்பது, கடைசியில் குழாயைப் பின்னுக்கு இழுப்பது. அருமையான வித்தை, மனசார வியந்தேன். ஆனால் எங்கெல்லாம் இதைச் செய்கிறார்கள்? ரயில்பாதை, நெடுஞ்சாலை, ஆறு. வெட்டினால் கேள்வி கேட்கிற இடங்கள். மற்ற இடத்தில் பொக்லைன்தான். கொச்சியிலிருந்து பெங்களூருக்கு கெயில் நிறுவனம் எரிவாயுக் குழாய் போடக் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் வயல்களை வெட்ட வந்தபோது 2013இல் பெரும் போராட்டம் நடந்தது. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போ என்று அன்றைய மாநில அரசும் சொன்னது. அந்த வருச நவம்பரில் உயர்நீதிமன்றமும் 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் கெயில் பக்கம் நின்றன. 1962ஆம் வருசத்துச் சட்டப்படி நிலம் உடையவனிடமே இருக்கும், பயன்படுத்தும் உரிமை மட்டும் கம்பெனிக்கு. அதற்காக நிலத்தின் சந்தை மதிப்பில் பத்தில் ஒரு பங்கு கிடைக்கும். குழாய்க்கு மேலே மரம் வைக்கக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது. விவசாயிகள் கொதித்ததில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வயலில் களை எடுத்த, கரும்பு வெட்டிய நிலமில்லாத தலித்துக்கு அந்தச் சட்டத்தில் என்ன பெயர்? பட்டா இல்லாதவனுக்கு இழப்பும் இல்லை என்பது கணக்கு. போராட்ட மேடையிலும் அவன் கூலியைப் பற்றிப் பேச்சு எழும்பவில்லை என்பது எங்கள் பக்கத்து வருத்தம்.

சட்டத்துக்கு வருவோம். 1993இல் முதல் தடைச்சட்டம். அது உலர் கழிப்பிடத்தைப் பார்த்தது, பாதாளச் சாக்கடையைப் பார்க்கவில்லை. 2013 சட்டம் சாக்கடையையும் செப்டிக் டேங்க்கையும் சேர்த்தது. தோழர்கள் பலர் இதோடு ஆள் இறங்குவது முழுசாகத் தடை என்று நினைக்கிறார்கள். சட்டத்தைப் படித்தால் வேறு தெரியும். பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் இறக்குவதைத்தான் அது 'அபாயகரமான துப்புரவு' என்கிறது. கருவி கொடுத்தோம் என்று தாளில் எழுதிவிட்டால்? அதே வருசத்து விதிகளில் எப்போது ஆளை இறக்கலாம் என்று ஒரு பட்டியலே உண்டு. உடைந்த மூடி உள்ளே விழுந்து எந்திரத்தால் எடுக்க முடியாதபோது. 300 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சாக்கடையில் புதுக் குழாயைப் பழைய குழாயோடு இணைக்கும்போது. நீர்மூழ்கி மோட்டாரைக் கழற்றும்போது. மேன்ஹோலைத் திரும்பக் கட்டும்போது, குழாயைச் செப்பனிடும்போது. கடைசியாக, ரொம்ப அவசியம் என்று அதிகாரி எழுதி அனுமதித்தால் எப்போதும்.

இந்தப் பட்டியலைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். இணைப்பு, செப்பனிடல், மறுகட்டுமானம். பயிலரங்கு நடத்துகிற அதே வேலைகள்! நடுவில் ஓடுகிற நூறு மீட்டர் குழாய்க்கு எந்திரம் வந்துவிட்டது. குழாயின் இரண்டு முனையிலும் இருக்கிற குழிக்கு இன்னும் ஆள். துணிக்குழாயை உள்ளே விடுவதற்கு முன்னால் பழைய சாக்கடையைச் சுத்தமாகக் கழுவணும், கேமரா விட்டுப் பார்க்கணும், வருகிற கழிவைத் தடுத்து மாற்றிவிடணும். ஜெட் எந்திரமும் உறிஞ்சு லாரியும் போகாத சந்தில் அந்த முன்வேலையை யார் செய்வது? திரையில் அதற்குப் படம் இல்லை.

2014 மார்ச் 27இல் உச்சநீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றது. 2023 அக்டோபர் 20இல் அது முப்பது லட்சமானது. 1993 முதல் தேசியத் துப்புரவுப் பணியாளர் ஆணையம் தொகுத்த சாவுக் கணக்கில் பல வருசம் முதலிடத்தில் நின்றது பெரியார் பிறந்த தமிழ்நாடு. 2018இல் கேரள இளைஞர்கள் 'பேன்டிகூட்' என்ற எந்திரத்தைத் திருவனந்தபுரத்தில் குழிக்குள் இறக்கிக் காட்டினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யும் செப்டிக் டேங்க் எந்திரம் ஒன்றைச் செய்து, கணவனைக் குழிக்குக் கொடுத்த பெண்கள் நடத்தும் குழுக்களிடம் முதலில் தந்தது. ஆக, முடியாத காரியம் ஒன்றும் இல்லை. இவற்றில் ஒன்றுகூட அன்றைய நிகழ்ச்சிநிரலில் இல்லை.

கேள்வி நேரத்தில் அக்கா மகள் எழுந்தாள். 2009இல் அருந்ததியருக்கு வந்த மூன்று சதவீத உள்ஒதுக்கீட்டில் சீட்டு வாங்கி உள்ளே வந்தவள். குரல் கொஞ்சம் நடுங்கியது.

"சார், லைனிங் போடறதுக்கு முன்னாடி மேன்ஹோல்ல அடைப்பு எடுக்கறது காண்ட்ராக்டர் வேலைங்களா, இல்ல நகராட்சி வேலைங்களா? அதுல ஆள் எறங்காம இருக்கறதுக்கு டெண்டர்ல என்னங்க எழுதணும்?"

பேசியவர் நல்ல மனுசர், கோபிக்கவில்லை. "நல்ல கேள்விம்மா. ஆனா அது உள்ளாட்சி நிர்வாகத்தோட விசயம். நாம இங்க டெக்னாலஜி பத்திப் பேசுறோம்" என்றார். அடுத்த கேள்வி பென்டோனைட் விலை பற்றி வந்தது. பத்து நிமிசம் பதில் சொன்னார்.

சாயங்காலம் மச்சான் வீட்டுக்குப் போனோம். அவள் சான்றிதழைக் காட்டினாள். அவர் கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். குழி வெட்டாம குழாய் போடறதைப் பத்தியா என்று சிரித்தார். பிறகு அவள் கேட்கக் கேட்கச் சொன்னார். மூடியைத் திறந்து ஒரு மணி நேரமாவது விடணும், பக்கத்து இரண்டு மூடியையும் சேர்த்துத் திறக்கணும். கரப்பான் உசுரோட ஓடுதான்னு பார்க்கணும். நாத்தம் அடிச்சா பயம் கம்மி, அடிச்சுக்கிட்டிருந்த நாத்தம் திடீர்னு நின்னுபோச்சுன்னா ஏறிறணும்.

"அது ஹைட்ரஜன் சல்பைடுப்பா" என்றாள். "அதிகமானா மூக்கு செத்துரும், வாசம் தெரியாது. நூறு பிபிஎம் தாண்டினா அப்படித்தான்."

"பேரு எனக்குத் தெரியாது சாமி. மேல கயிறு பிடிக்கறவன் நம்ம பங்காளியா இருக்கணும், அதான் எனக்குத் தெரியும்."

அவள் காலையில் எழுதிய நோட்டையே திருப்பினாள். ஆள் நுழையும் குழாய், ஆள் நுழையாக் குழாய் என்று கோடு போட்டிருந்த பக்கத்துக்குக் கீழே தேதி போட்டு, அவர் சொன்னதை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தாள். "கயிறு எத்தனை அடிப்பா?" என்றாள்.