கல்முனைக் கடைக்கணக்கும் எக்ஸல் விரிதாளும்

கல்முனைப் பக்கத்தில் கணினி வருவதற்கு முன்பு உயர்தர வணிகப் பிரிவு படித்தவர்களுக்குப் புள்ளிவிபரவியல் என்றால் ஃபுல்ஸ்கேப் தாளும் அடிமட்டமும்தான். தாளைக் குறுக்கே திருப்பி நிரல்கள் கீற வேண்டும். முதல் நிரலில் பெறுமானம், அடுத்ததில் இடையிலிருந்து விலகல், அதற்கடுத்ததில் விலகலின் வர்க்கம். கூட்டி, வகுத்து, வர்க்கமூலம் கண்டால் நியம விலகல் வரும். முதல் நிரலில் ஓர் எண் பிழைத்தால் இடை பிழைக்கும். இடை பிழைத்தால் தாள் முழுவதும் பிழை. நான் கற்பித்த ஆரம்ப வருடங்களில் பாதி நேரம் வெட்டித் திருத்துவதிலேயே போனது. அந்த நியம விலகல் எதைச் சொல்கிறது என்று பேசுவதற்குள் மணி அடித்துவிடும்.

விரிதாள் பிறந்ததும் இதே தொல்லையிலிருந்துதான். 1978இல் ஹாவர்ட் வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் பேராசிரியர் ஓர் எண்ணை மாற்றினால் அதைத் தொட்ட எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கண்டார். பொப் பிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் செய்த விசிகல்க், 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் மக்கின்டொஷுக்கு எக்ஸல், 1987இல் விண்டோஸுக்கும் எக்ஸல். வணிகம் படித்த ஒரு மாணவனின் தேவையிலிருந்து வந்த கருவி இது என்பதை என் வகுப்பில் முதல் நாளே சொல்லிவிடுவேன். கணிதம் நமக்கு வராது என்று ஒதுங்கும் பிள்ளைகள் அதைக் கேட்டதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எங்கள் கரைக்கு விரிதாள் வந்தது தொண்ணூறுகளின் பிற்பாதியில். யுத்தத்தால் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு எங்கள் பிள்ளைகள் போக முடியாமற்போன காலம் அது. அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அட்டாளைச்சேனையில் தொடங்கியது. 1996 மே மாதம் முழுப் பல்கலைக்கழகமாகி, பின்னர் ஒலுவிலில் நிலைகொண்டது. கலையும் முகாமைத்துவமும்தான் அதன் முதல் துறைகள். ஊர்ப்பிள்ளை வீட்டிலிருந்தே போய்வந்து வணிகப் பட்டம் எடுக்கலாம் என்றதும், பிரதான வீதியில் கணினி நிலையங்களும் முளைத்தன. மெனு முழுவதும் ஆங்கிலம், பாடம் நடப்பது தமிழில். கரண்ட் போனால் சேமிக்காத தாள் போய்விடும்.

கருவி கையில் இருந்தது. அதில் எதைப் போடுவது? பாடப்புத்தகக் கணக்குகள் எல்லாம் எங்கோ ஓர் ஊரின் எங்கோ ஒரு கம்பனி. அரசாங்கத் தரவும் பழையது. 1981க்குப் பிறகு 1991இல் நடக்க வேண்டிய குடிசனத் தொகைமதிப்பு நடக்கவேயில்லை. 2001இல் நடந்தபோதும் மட்டக்களப்பும் திருகோணமலையும் முழுமையாக எண்ணப்படவில்லை. ஆனால் கல்முனையில் புடைவைக்கடைகள் இருந்தன. மருதமுனைச் சாரனும் சேலையும் விற்கும் கடைகள். ஒவ்வொரு கடையிலும் அன்றாட விற்பனை எழுதிய கொப்பி இருந்தது. எங்கள் தரவு அங்கேதான் என்று மாணவர்களை அனுப்பினேன். "இது எங்கயும் போகாதுதானே மகன்?" என்று வருமானவரியை நினைத்துப் பயந்த முதலாளிமாரும் உண்டு. கடைப்பெயர் போடமாட்டோம் என்று சொன்ன பிறகே கொப்பி கைக்கு வந்தது.

மாத விற்பனையை வரிசையாகப் போட்டு, புத்தகம் சொன்னபடி பருவகாலச் சுட்டெண் கண்டோம். ஒவ்வொரு மாதத்துக்கும் பல வருடச் சராசரி, அதை முழுச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குவது. வந்த விடையைப் பார்த்து வகுப்பே முழித்தது. பெரும்போக அறுவடைக்குப் பின் பெப்ரவரி, மார்ச்சில் ஒரு சின்ன ஏற்றம். மற்ற மாதங்கள் எல்லாம் நூறை ஒட்டியே கிடந்தன. புடைவை வியாபாரத்துக்குச் சீசனே இல்லை என்றது கணினி. நோன்பின் கடைசிப் பத்தில் விடியவிடியத் திறந்திருக்கும் கடையில் நின்று வேலை செய்த பிள்ளைகள் அந்த வகுப்பில் இருந்தார்கள்.

சூத்திரத்தில் பிழை இல்லை. நாட்காட்டிதான் பொருந்தவில்லை. ஹிஜ்ரி வருடம் ஏறக்குறைய 11 நாள் குறைவு. ஆகவே நோன்புப் பெருநாள் ஒவ்வொரு வருடமும் அவ்வளவு முன்னுக்கு வரும். 1995இல் மார்ச்சில் வந்தது. 2000இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் இன்னொன்று என்று ஒரே வருடத்தில் இரண்டு நோன்புப் பெருநாள். 2010இல் செப்டெம்பர். உச்சம் மாதத்துக்கு மாதம் நகர்ந்துகொண்டே இருந்தால், சராசரி அதை எல்லா மாதங்களிலும் தூவிவிட்டு உச்சமே இல்லை என்று சொல்லும். பருவம் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் என்று எண்ணியே அந்தப் பாடம் எழுதப்பட்டிருந்தது. நெல்லுக்கு அது சரி. எங்கள் பெருநாளுக்குச் சரிவராது.

விரிதாளின் அருமையை நான் முழுதாக உணர்ந்தது அங்கேதான். திகதிக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் செருகினோம்: ஹிஜ்ரி மாதம். கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறை அறிவித்த நாட்களை, வீடுகளில் வைத்திருந்த பழைய கலண்டர்களைப் புரட்டி நிரப்பினார்கள். 1993இல் எக்ஸல் 5 உடன் வந்த பிவட் டேபிளில் ஆங்கில மாதத்தை எடுத்துவிட்டு ஹிஜ்ரி மாதத்தை இழுத்துப் போட்டதும் றமழான் நெட்டுக்குத்தாக எழும்பி நின்றது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய நாட்களும் எழும்பின. ஆனால் முன்பு தெரிந்த அறுவடை ஏற்றம் இப்போது கரைந்துபோனது. தாளில் இதைச் செய்வதென்றால் முழுவதையும் புதிதாகக் கீற வேண்டும். யாரும் செய்திருக்கமாட்டார்கள்.

சூரியன் பாதி, பிறை பாதி என்று இரண்டும் சேர்ந்து ஓடும் வியாபாரம் இது என்று பிள்ளைகளே சொன்னார்கள். பிறகு பிற்செலவுக்கு (regression) போனோம். எக்ஸலில் டேட்டா அனாலிசிஸ் என்ற பகுதி தானாக மெனுவில் தெரியாது. அட்-இன்ஸுக்குள் போய்த் திறக்க வேண்டும். இதுகூடத் தெரியாமல் எத்தனையோ பேர் தங்கள் கணினியில் அது இல்லை என்றே இருந்தார்கள். மாதத்துக்கு இத்தனை நோன்பு நாள் என்று ஒரு நிரல், அறுவடை மாதமா இல்லையா என்று 1 அல்லது 0 போட்டு இன்னொரு நிரல். 2000ஆம் ஆண்டின் இரண்டாவது நோன்பு நவம்பர் கடைசியில் சில நாட்களும் மற்றதெல்லாம் டிசம்பரிலுமாக விழுந்தது. அதை அப்படியே பிரித்து எழுதினோம். நோன்பு வேறு, நெல் வேறு என்று இரண்டின் பங்கும் தனித்தனி எண்ணாக வந்தன. நான் கற்பித்ததில் எனக்கு மிகப் பிடித்த பாடம் இதுதான்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோரம் துடைத்தெடுக்கப்பட்டது. ஹஜ்ஜுப் பெருநாள் நான்கு கிழமைக்குள் வந்தது. பின்னர் தரவு சேர்த்தபோது 2005 ஜனவரியின் கலத்தில் என்ன எழுதுவது என்ற கேள்வி எழுந்தது. எக்ஸலின் ஏவரேஜ் சூத்திரம் வெறும் கலத்தைக் கணக்கில் எடுக்காது; 0 போட்டால் எடுக்கும். கடை பூட்டிக் கிடந்ததென்றால் விற்பனை உண்மையிலேயே 0. கடை நடந்து, கொப்பி மட்டும் பின்னர் தொலைந்ததென்றால் அது வெறும் கலம். ஒரே மாதம், இரண்டு விதமான இல்லாமை. கணினிக்கு அது தெரியாது. எந்தப் பிள்ளை கொண்டுவந்த கணக்கோ, அந்தப் பிள்ளை திரும்பப் போய்க் கடைக்காரரிடம் கேட்டுவர வேண்டும் என்றேன். கேட்டுவராமல் 0 போட்டவர்களுக்கு நான் புள்ளி கொடுக்கவில்லை. இன்றும் அந்த முடிவில் எனக்கு மாற்றமில்லை.

ஏறத்தாழ 33 வருடங்களில் நோன்பு ஆங்கில மாதங்களை ஒரு முழுச்சுற்று சுற்றிவரும். 1995இல் மார்ச்சில் வந்த பெருநாள் 2025இல் மார்ச் 31இல் வந்தது; அறுவடைக் காசும் பெருநாள் செலவும் மறுபடி நெருங்கிவிட்டன. ஒரு முழுச்சுற்றின் விற்பனைக் கணக்கு ஒரே கடையிலிருந்து கிடைத்தால், ஒலுவிலில் இப்போது படிக்கும் பிள்ளைகள் நாங்கள் அரைகுறையாகச் செய்ததை முழுதாகச் செய்யலாம். கல்முனையில் பழைய கடை வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: மேல்தட்டில் கட்டிப் போட்ட தொண்ணூறுகளின் கொப்பிகளைப் பழைய பேப்பருக்குப் போடாதீர்கள். கடைப்பெயரை மறைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் கொடுங்கள்.